நீ கோட்டோடு பரிமாறிய தலைதீபாவளி

மச்சான்,

பக்கத்து வீட்டுக் காம்பிராவில் கோதுமை மாவைத் துணியில் கட்டி அவிக்கிறார்கள். தீபாவளி முறுக்குக்காக. ஈரத்துணியும் வெந்த மாவும் சேர்ந்த அந்த வாசனை கூரைத் தகரத்துக்கு அடியில் நுழைந்து, என் அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெளியே மூடுபனி. தேயிலை தெரியவில்லை, ரோடு தெரியவில்லை, எதிர் லயத்து வீட்டு வரிசைகூடத் தெரியவில்லை. இப்படிப்பட்ட காலையில் நீ செத்துப்போனாய் என்பதை நம்புவது கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. பனிக்குள்ளிருந்து உன் வெள்ளைக் கோட்டு மட்டும் முதலில் தெரியும். பிறகு பித்தளைப் பொத்தான்கள். அதற்கும் பிறகுதான் நீ. இப்போதும் அப்படி வந்துவிடுவாய் போலத்தான் இருக்கிறது.

நீ இருந்தபோது எனக்கு எழுத்துத் தெரியாது. இப்போது தெரியும்! தோட்டப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் எங்களைப் போல வேலை நின்ற கிழவர்களுக்கு வாத்தியார் சொல்லிக் கொடுக்கிறார். சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் முழங்கால் இடிக்க உட்காருகிறோம். 'ழ' எழுதும்போது மட்டும் எனக்கு நாக்கும் கூடவே வெளியே வந்துவிடுகிறது. போன வாரம் கொட்டகலைக் கடைத்தெருவில் ஒரு பலகையில் 'கோதுமை மா' என்று எழுதியிருந்ததை நானே வாசித்தேன். வாசித்த சந்தோஷத்தில் வாங்கப் போன சாமானை வாங்காமல் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் கடிதம் யாருக்கு என்று வாத்தியார் கேட்டார். மகளுக்கு எழுதலாம். ஆனால் அவள் நாளை மறுநாள் நேரிலேயே வருகிறாள். உனக்குத்தான் பஸ்ஸும் இல்லை, தபாலும் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வருகிறது. நீ குறைந்த நெருப்பில் கறி வைப்பாயே, அந்த மாதிரி.

பங்களாவுக்கு நான் விறகு சுமந்த காலம் நினைவிருக்கிறதா? துரை வீட்டுக் குசினியின் பின்படியில் கட்டை இறக்கிவிட்டு நிற்பேன். நீ உள்ளே இரும்பு அடுப்பின் முன்னால், முகமெல்லாம் சிவந்து, எதையாவது கிண்டிக்கொண்டிருப்பாய். சமையல்காரன் என்பதால் கோக்கி என்று துரை கூப்பிடுவார், அப்பு என்று தோட்டத்தார் கூப்பிடுவார்கள், நான் மட்டும் மச்சான் என்பேன். கோப்பையில் டீ ஊற்றித் தருவாய். ஆட்டு ரோஸ்ட் செய்த நாளில் கருகிய ஓரத்தை வெட்டி ஒரு துண்டு பாண் ரொட்டிக்குள் வைத்துத் தருவாய். மாட்டு ரோஸ்ட் என்றால் கதவிடுக்கிலேயே சொல்லிவிடுவாய்: "இன்னிக்கு ஒனக்கு டீ மட்டுந்தான் மச்சான். சாமி பாத்துக்கிட்டிருக்கு."

அந்தப் படியில் நின்று குடித்த டீயைப் போல ஒன்றை நான் பிறகு குடிக்கவில்லை. கீழே மலை முழுவதும் பனி பால் மாதிரி நிரம்பிக் கிடக்கும். உள்ளேயிருந்து வெண்ணெய் உருகும் வாசனை வரும். எந்த உலகத்தில் நிற்கிறோம் என்று சில நேரம் தெரியாமல் போகும்.

என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஓர் ஆவணியில் மகள் சிவகாமிக்குக் கல்யாணம் முடிந்தது. அதுவரை அந்தப் பிள்ளைதான் எனக்கு ஆக்கிப் போட்டது. அவள் கந்தப்பளைக்குப் போன அன்றைக்கே அடுப்பு அணைந்துவிட்டது. நான் பாணைக் கடித்துக்கொண்டு, பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அடுப்புக்குள் பூனை படுத்திருந்தது.

ஐப்பசி பிறக்கும் முன்னால் கந்தப்பளையிலிருந்து ஒருவர் வந்தார். சம்பந்தியம்மா சொல்லிவிட்டதை அப்படியே ஒப்பித்தார்.

"அம்மா இல்லாத வீடு. அடுப்பு மூட்ட ஆளில்ல. தலைதீபாவளிய இங்கனயே வச்சுக்குவோம், பொண்ணு அலைய வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

கேட்பதற்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் தலைதீபாவளிக்குப் பெண் தாய்வீட்டுக்கு வராவிட்டால் பொங்கலுக்கும் அதையேதான் சொல்வார்கள். அப்புறம் மாரியம்மன் திருவிழாவுக்கும். ஒரு தடவை வராத பாதையில் புல் முளைத்துவிடும். பிறகு என் பிள்ளைக்குப் போவதற்கென்று ஒரு வீடு இருக்காது. லயத்துப் பெண்கள், ஆளுக்கொரு சட்டி ஆக்கிக் கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். நல்ல மனசு. ஆனால் அந்த அம்மாவை எனக்குத் தெரியும். ஊர்ச் சோற்றையா என் மகனுக்குப் போட்டார் என்று ஆயுசுக்கும் கேட்பார்.

"வரச் சொல்லுங்க. எங்க வீட்டு அடுப்பு எரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்ன பிறகுதான் அடுப்புக்குள் இருந்த பூனையைப் பார்த்தேன். நேராக உன்னிடம் ஓடி வந்தேன்.

நீ கோழி உரித்துக்கொண்டிருந்தாய். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு சூப்பு தெரியும், ரோஸ்ட்டு தெரியும், புடிங்கு தெரியும். நம்ம சாப்பாடு எனக்குத் திங்கத்தான் தெரியும் மச்சான்" என்றாய்.

"எனக்குத் திங்கவும் தெரியும், வெறகு எரிக்கவும் தெரியும்."

"அப்பச் சரி. ரெண்டு அரை சேந்தா ஒரு முழு ஆளாச்சே" என்று இறகெல்லாம் பறக்கச் சிரித்தாய்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துரை கிளப்புக்குப் போனதும் நீ என் வீட்டுக்கு வருவாய். முதல் நாள் அடுப்பைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, தரையில கெடக்கு? நான் நின்னு சமைக்கிறவன். குனிஞ்சா இடுப்பு போயிரும்" என்றாய். கல் அடுக்கி அடுப்பையே தூக்கி வைத்தோம். பூனை கோபித்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனது.

முதல் கறி துரைக்கு வைப்பது போலவே வந்தது. மிளகு தூவி, மாவு கரைத்து ஊற்றி, வெள்ளையாக.

"எப்படி?" என்று கேட்டாய்.

"காய்ச்சல்காரனுக்கு நல்லது."

அந்தக் கோபத்தில் அடுத்த வாரம் மிளகாயைக் கொட்டினாய். இரண்டு பேரும் வாசல் இஸ்தோப்புக்கு ஓடி வந்து, மழைத் தண்ணீரில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். எதிர் லயத்துக் கிழவி, "யாருடா செத்தது, இப்பிடி அழுவுறீங்க?" என்று கேட்டாள்.

மூன்றாவது வாரம் நீ கரண்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய். பிறகு, "ஒன் வீட்டுக்காரி எப்படிடா வைக்கும்?" என்று கேட்டாய்.

"அரைப்பா. வதக்குவா. நல்லா இருக்கும்."

"இத்தன வருசம் தின்னுருக்க, இம்புட்டுத்தானா தெரியும்?"

எனக்கு வெட்கமாகப் போனது. அவள் சமைத்ததை நான் பார்த்ததே இல்லை, மச்சான். வேலை விட்டு வந்து இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுத்துவிடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருப்பாள். அதைச் சொன்னேன். நீ உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"பாக்கலைன்னா கேட்டிருப்பேல்ல? கண்ண மூடு. கேட்டதச் சொல்லு."

கண்ணை மூடினேன். அந்த அறையில் அன்றைக்கும் பனி நுழைந்திருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, எங்கோ தூரத்திலிருந்து, அவள் வளையல் கேட்டது.

"மொதல்ல இருமுவா" என்றேன்.

"அப்ப மிளகா வறுக்குது. சரி."

"அப்புறம் அம்மி. கரகரன்னு தொடங்கி, போகப் போகச் சத்தம் வழவழன்னு ஆயிரும்."

"மல்லி மொதல்ல, தேங்கா கடைசியில. சரி."

"ஒரு தடவ சடசடன்னு பொரியும். கருவேப்பில வாசன வரும். அப்புறம்..."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்ல. ரொம்ப நேரம் சத்தமே இருக்காது."

"ரொம்ப நேரம்னா?"

"நான் ஒரு தூக்கம் தூங்கி எந்திரிப்பேன்."

நீ தொடையில் தட்டினாய். "மூடிப் போட்டிருக்கு! சின்ன நெருப்பு! நான் ரோஸ்ட்டுக்குச் செய்யிறதுதாண்டா அது!"

சட்டியை மூடி, பங்களாவில் செய்வது போல மூடியின் மேலேயும் தணலை அள்ளி வைத்தாய். "நீ போயித் தூங்கு. நீ முழிக்கிறப்ப எறக்குறேன்" என்றாய். நான் சாக்கை விரித்துப் படுத்தேன். உண்மையாகவே தூங்கிவிட்டேன். அந்தத் தூக்கத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள்தான் இருந்தாள். எழுந்து பார்த்தபோது நீ, வியர்வையோடு, கரண்டியை நீட்டிக்கொண்டு நின்றாய்.

அது அவள் கறி இல்லை. ஆனால் அவள் கறிக்குப் பக்கத்து வீடு. அப்படித்தான் உன்னிடம் சொன்னேன். "பக்கத்து வீடுன்னா போதும். அங்கேயே குடியிருப்போம்" என்றாய்.

அடுத்தது இட்லி. தீபாவளிக் காலையில் மாப்பிள்ளைக்கு இட்லியும் கறியும் வைக்காமல் முடியாது. அந்த வருடம் கூப்பன் அரிசி குறைந்திருந்தது. கொட்டகலைக் கடை நானாவிடம் உளுந்து கேட்டால், "கப்பல்ல வருதாம். வருது, வருதுன்னுதான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன். மா இருக்கு, எம்புட்டு வேணுமோ அள்ளிக்கங்க" என்றார். எங்கு பார்த்தாலும் கோதுமை மா. இடியாப்பமாவது பிழியலாம் என்று பார்த்தால், பச்சை மாவு இடியாப்ப உரலை விட்டு இறங்கவில்லை. பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. நீ உன் விரல்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"மச்சான், கிறிஸ்மஸ் புடிங்க நான் எப்படி அவிப்பேன்?"

"எனக்கெப்படித் தெரியும்? எனக்கு நீ அதைக் குடுத்ததே இல்லையே."

"துணியில கட்டி ஆவியில வப்பேன். இந்த மாவையும் அப்படிக் கட்டுனா என்ன?"

கட்டினோம். அவித்தோம். அவிழ்த்தபோது கல் மாதிரி இருந்தது. போச்சு என்று நினைத்தேன். நீ விடவில்லை. உடைத்து, சலித்து, உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து உரலில் போட்டாய். நூல் நூலாக, ஒட்டாமல், வெள்ளையாக இறங்கியது. வெளியூரில் இதை முன்னாலேயே யாராவது செய்திருப்பார்கள். எங்கள் லயத்துக்கு அது நீ கண்டுபிடித்ததுதான். இப்போது என் மூக்குக்கு வரும் வாசனையும் அதுதான். பக்கத்து வீட்டு மருமகளுக்கு அது உன் குசினித் துணியிலிருந்து வந்தது என்று தெரியாது.

இனிப்புக்குப் புடிங்கையே வைத்துக்கொள்வோம் என்றாய். எனக்குப் பயம். அதில் மாட்டுக்கொழுப்பும் பிராந்தியும் போடுவார்கள் என்பது தோட்டம் முழுவதும் தெரிந்த கதை. "கொழுப்புக்கு நெய். சீனிக்குக் கித்துள் கருப்பட்டி. பிராந்திக்கு இஞ்சிச் சாறு. தொண்டையில எரியிறது ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, தேங்காய்ப்பூவும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து பால் டின்னில் அவித்தாய். கருப்பட்டியும் வாழை இலையும் ஒரு பப்பாளிக் காயும் கினிகத்தேனையிலிருந்து பஸ்ஸில் வந்தன. எங்கள் குளிரில் அவை விளையாது. தோட்டத்தில் ஆடு வெட்டிப் பங்கு போட்டபோது எனக்கு விழுந்தது கிழட்டு ஆட்டின் தொடை. கிழத்தை மெதுவாக்கப் பப்பாளிக் காயை அரைத்துப் பூச வேண்டும் என்பதும் உன் பங்களா வித்தைதான்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் சிவகாமி வந்தாள். வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் அடுப்பருகே போய்க் கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை. அவருக்குப் பின்னால் சம்பந்தி. அவருக்கும் பின்னால், குடையைத் தட்டிக்கொண்டு, சம்பந்தியம்மா!

"எப்படித்தான் சமாளிக்கிறீங்கன்னு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்றார். உள்ளே வந்து சட்டி விளிம்புகளை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். கரி இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி கட்டியிருந்தார்கள். லயமெல்லாம் ஈர முடியும் மஞ்சளுமாக வாசனை. நேற்றே வைத்து ஊறிய கறி அடுப்பில் மறுபடி சூடேறிக்கொண்டிருந்தது. நீ வரவில்லை. துரைக்குக் காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டுத்தான் வர முடியும். நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் பனிக்குள் வெள்ளைக் கோட்டு தெரிந்தது. அவசரத்தில் அதைக் கழற்றக்கூட இல்லை. வேகமாக நடந்ததில் மூச்சு வாங்கியது.

"பங்களாவுல இருந்து என்னய்யா கொண்டாந்த?" என்று சம்பந்தியம்மா உன்னை மறித்தார்.

நீ இரண்டு கையையும் விரித்துக் காட்டினாய். "இந்தக் கைய மட்டுந்தான் ஆத்தா. அதையும் சவுக்காரம் போட்டுக் கழுவிட்டேன்."

"புடிங்கோ என்னமோ செஞ்சிருக்கியாமே. அதுல என்ன கொழுப்பு?"

"நெய்யிதான். சிவகாமி கண்ணு முன்னால வேணும்னாலும் இன்னொண்ணு செஞ்சு காட்டுறேன். ஆனா அவ இன்னிக்கு விருந்தாளி, அடுப்புப் பக்கம் விட மாட்டேன்."

சம்பந்தியம்மா அடுப்போரப் பலகையில் போய் உட்கார்ந்தார். காவல் மாதிரி. இந்தப் பக்கம் பாயில் சம்பந்தியும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். முதல் இலை மாப்பிள்ளைக்கு. பிறகு மற்ற ஆண்கள். பெண்கள் கடைசியில், மிஞ்சியதை, அடுப்போரத்தில்.

நீ கோட்டோடு இருந்தாய். கோட்டுப் போட்டுக்கொண்டு பரிமாறியே பழகிய கை உன் கை. இலையை எடுத்தாய், தண்ணீர் தெளித்தாய், நிமிர்ந்து நின்று ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்தாய். நேராக நடந்துபோய் சம்பந்தியம்மாவின் முன்னால் இலையை விரித்தாய். இடியாப்பம் வைத்தாய். கறியை ஊற்றினாய். ஆவி அவர் முகம் வரைக்கும் எழும்பியது.

மாப்பிள்ளையின் முன்னால் பாய் வெறுமையாக இருந்தது.

"யோவ்! யாருக்குய்யா எலை போடுற? மாப்பிள்ள அங்க உக்காந்திருக்காரு" என்றார் அந்த அம்மா.

உன் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். "பழக்கம் ஆத்தா... பங்களாவுல தொரசானிக்குத்தான் மொதல்ல வைக்கணும். பொம்பளைங்க எடுத்த பொறகுதான் தொரமாரு தொடுவாங்க. கை தானா போயிருச்சு."

போட்ட இலையை எடுத்தால் அந்த அம்மாவுக்கு அவமானம். எடுக்காவிட்டால் மாப்பிள்ளைக்கு அவமானம். தலைதீபாவளி முடிந்தது. சிவகாமி இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள். அவள் கதவோரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நீ இலையின் ஓரத்தைத் தொட்டபடி குனிந்தே நின்றாய், எடுப்பதா விடுவதா என்று தெரியாமல்.

அப்போது சம்பந்தி பேசினார். கல்யாணத்தில்கூட நான் அவர் குரலைக் கேட்டதில்லை.

"எடுக்காதப்பா. வச்ச எலை இருக்கட்டும். அவ சாப்பிடட்டும்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாப்பிடுங்கம்மா. நாங்க பாத்துக்கிட்டிருக்கோம். இன்னிக்கு நீங்கதான் தொரசானி."

"போடா" என்று அவர் வைதார். ஆனால் கை இலைக்குப் போயிருந்தது. தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுது!"

"சுடும் ஆத்தா, இப்பத்தான் எறக்குனது" என்றாய் நீ.

அவர் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாருக்கும் இல்லாமல், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "சோறு எனக்குச் சுட்டு ரொம்ப நாளாச்சு."

பிறகு ஊதி ஊதிச் சாப்பிட்டார். மெதுவாக. எலும்பை உறிஞ்சினார். மழை மட்டும் தகரத்தில் பேசிக்கொண்டிருந்தது. முடிக்கும்போது, "உப்பு ஒரு கல்லு கொறச்சல்" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இடியாப்பம் கேட்டார். புடிங்கைச் சந்தேகமாகத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இதென்ன, பெரிய கொழுக்கட்டை! இதுக்குப் போயி இங்கிலீசு பேரு வச்சிருக்கானுங்க" என்றார். சம்பந்தி சிரித்தார். அடுத்து மாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும் எனக்கும் இலை விழுந்தது. சிவகாமி கறியில் விரலை வைத்து ருசி பார்த்தாள். "அம்மா கறி மாதிரி இல்லப்பா" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க எனக்காக வச்ச கறி. இதையும் நான் இனிமே கேப்பேன்" என்று சொல்லித் தட்டை நீட்டினாள்.

எல்லாம் முடிந்ததும் நீ வழக்கம்போல சட்டியில் மிஞ்சியதை வழித்து, நின்றபடியே வாயில் போடப் போனாய். சம்பந்தியம்மா எழுந்தார். ஆறிய குழம்பை உன் கையிலிருந்து வாங்கி, அடுப்பில் வைத்து ஊதிச் சூடாக்கினார்.

"உக்காருய்யா."

"இல்ல ஆத்தா, நான் நின்னே..."

"நீயும் என்ன மாதிரிதான. கடைசியா, ஆறுனத, நின்னுக்கிட்டு. உக்காருன்னா உக்காரு."

நீ உட்கார்ந்தாய். கோட்டோடு, தரையில். அவர் உனக்கு இலை போட்டார். உன் வாய்க்குப் போன முதல் கவளத்தில் நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். சூடு என்று சொன்னாய். எனக்கு அது சூடு மாதிரி தெரியவில்லை.

பஸ் ஏறும்போது அந்த அம்மா குடையை என் பக்கம் நீட்டி, "வருசா வருசம் அனுப்பி வைக்கிறேன். ஆனா நானும் வருவேன்" என்று மிரட்டினார். வந்தார். சிவகாமி பிறகொரு தடவை சொன்னாள்: கந்தப்பளைக்குத் திரும்பிய அன்றைக்கே மாமியார் இரண்டு இலை போட்டு, "நீயும் உக்காரு, ஆறிடும்" என்றாராம். இப்போது அந்த வீட்டில் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்காருகிறார்களாம். சம்பந்தி இருந்தவரைக்கும் அப்பளம் பொரித்துக் கொடுப்பது அவர் வேலையாம்.

உன் துரை கப்பல் ஏறிப் போனார். வேறு துரை வந்தார். உனக்கும் வயசாகி நீ லயத்துக்கு வந்தாய். நம்மில் யார் இங்கே இருப்பது, யார் இந்தியாவுக்குப் போவது என்று ரேடியோவில் பேசிக்கொண்டே இருந்தார்கள். நாம் இஸ்தோப்பில் உட்கார்ந்து, கேழ்வரகு மாவில் புடிங்கு வருமா என்று பேசிக்கொண்டிருந்தோம். வரும் என்று நீ சொன்னாய். செய்து பார்ப்பதற்குள் போன மழையில் நீ போய்விட்டாய். நான் செய்து பார்த்தேன், மச்சான். வருகிறது. கருப்பட்டியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நாளை மறுநாள் எல்லோரும் வருகிறார்கள். சம்பந்தியம்மாவுக்கு இப்போது பல் இல்லை. கறியை இன்னும் ஒரு தூக்கத்துக்குக் கூடுதலாக வைக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் இட்லிதான் வேண்டும் என்பார்கள். உளுந்து இப்போது கிடைக்கிறது. ஆனாலும் கொஞ்சம் மாவு அவிப்பேன்.

அவர்கள் போன பிறகு மறுபடி நான் ஒருவன்தான். தனி ஆளுக்கு எதற்குச் சமையல், பாணைக் கடித்துக்கொண்டு கிடக்கலாமே என்று லயத்தில் கேட்கிறார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரு பிடி அரிசி போட்டாலும் ஒரு கறி வைக்கிறேன். இறக்கியதும் நின்றுகொண்டு வழித்துத் தின்பதில்லை. பலகையை எடுத்துப் போட்டு, தட்டைக் கழுவி, எனக்கு நானே பரிமாறுகிறேன். சமைத்தவன் களைத்திருப்பான் அல்லவா? அவனை உட்காரச் சொல்கிறேன். அவனும் உட்காருகிறான். விரல் சுடுகிறது.